முதல் குவளை

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் சார், பாலிஷ் இன்னும் காயவில்லை. சட்டையில் ஒட்டினால் லேசில் போகாது. இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். காபி சொல்லட்டுமா?

நீங்கள் கேட்க வந்தது சின்ன விஷயம். போன வருஷம் அரசாங்கம் சாராயக் கடைகளைத் திரும்பவும் மூடிவிட்டது. பழைய ஆட்கள் மறுபடியும் கள்ளச்சாராய அடுப்பு மூட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். பாலிஷ் ஸ்பிரிட் கேட்டு யாராவது இந்தக் கடைக்கு வருகிறார்களா என்று கேட்டீர்கள். யாரும் வரவில்லை. அதற்கு ஒரு வரி போதும். ஆனால் நீங்கள் காகிதத்தை எடுத்து வைத்து, பேனாவையும் திறந்துவிட்டீர்கள். வந்ததற்கு உருப்படியாக ஒன்று எழுதிக்கொண்டு போங்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், தை மாதம், கல்யாணச் சீர்வண்டியில் போன சாராயத்தைக் குடித்து இந்தப் பக்கத்தில் ஆட்கள் செத்தார்கள் அல்லவா, அதைப் பற்றிச் சொல்கிறேன். அந்த வழக்கில் என் பெயர் கிடையாது. அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

என் பெயர் வீரையா. காரைக்குடியில் பாலிஷ்காரர் என்றால்தான் தெரியும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தால் தொட்டுத் தொட்டுத் தேக்கில் தேய்க்கிற வேலை. ஒரு கை தேய்த்தால் காய விட வேண்டும். காய்வதற்குள் அடுத்த கை போட்டால் மேலே மினுங்கும், உள்ளே பிசுபிசுவென்று கிடக்கும். இந்த வேலைக்கு அவசரக்காரன் ஆக மாட்டான். நான் எதிலும் அவசரப்பட்டவன் இல்லை.

அந்த ஸ்பிரிட்டுக்கு எனக்கு லைசென்ஸ் இருந்தது. முந்தின மதுவிலக்குக் காலத்தில், ஸ்பிரிட்டைச் சாராயத்தில் கலந்து விற்ற நாளில், அந்த லைசென்சுக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியாது. தெரியவைத்தவள் அக்கம்மாள். சிங்கம்புணரிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பெண். புருஷன் பனங்காட்டுக்குள் சாராயம் காய்ச்சியவன், அடுப்புத் தீ மேலே பற்றிச் செத்துப்போனான். காரியம் முடிந்ததும் அவள் அவன் பானைகளைத் தேய்த்துக் கழுவி, தானே அடுப்பு மூட்டினாள். ஒரு நாள் மத்தியானம் என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"என்னண்ணே, கடையில நீங்க மட்டுந்தேன் இருக்கீகளா?"

ஆமாம் என்றேன்.

"நல்லதாப் போச்சு. நீங்க வச்சிருக்கீகள்ல ஸ்பிரிட்டு, அதுல கொஞ்சம் எனக்கு வேணும். குடுத்தீகன்னா ஒங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. மாட்டேம்பீகன்னா நான் வந்ததையே மறந்துருங்க."

மறக்கிற முகமா அது? நான் கொடுத்தேன். அன்றைக்கு மறந்திருந்தால் இன்றைக்கு உங்களுக்கு இவ்வளவு எழுத்து வேலை இருந்திருக்காது.

முதலில் அவள் ஊருக்கு மட்டும் சரக்குப் போனது. பிறகு சுற்று வட்டாரம். பிறகு எந்த ஊருக்கு யார் விற்பது, யார் எல்லை எங்கே முடிகிறது என்று உட்கார்ந்து பிரித்துக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டோம். மாமூல் போக வேண்டிய இடத்துக்குப் போனது. உங்கள் ஸ்டேஷனில் உங்களுக்கு முன்னால் இருந்தவர்களில் சிலர் தீபாவளிக்கு அவள் எடுத்துக் கொடுத்த வேட்டியைக் கட்டினார்கள். பெயர் வேண்டாம், எல்லோரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்காரர்களும் அவளைத் தேடி வந்தார்கள். தேருக்குப் புது வடம் அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். பாகப்பிரிவினைத் தகராறு, ஓடிப்போன பெண், வாய்க்கால் சண்டை எல்லாம் அவளிடம் வந்தது. நான் பக்கத்தில் நிற்பேன்.

வீரணன் என்று ஒருத்தன் எங்கள் எல்லைக்குள் வந்து மலிவாக விற்றுப் பார்த்தான். அவனிடம் பேசிவிட்டு வரச் சொல்லி அவள் என்னைத்தான் அனுப்பினாள். நான் அவன்மேல் விரல் வைக்கவில்லை. என்னோடு வந்த இரண்டு பேர் அவன் வலது கையை அவன் வீட்டு அம்மியில் வைத்தார்கள். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன், எனக்குச் சத்தம் ஆகாது. பிறகு அவன் எங்கள் சரக்கைத்தான் வாங்கி விற்றான். இடது கையால் அழகாகவே ஊற்றிக் கொடுப்பான்.

சரக்கை வைக்கிற இடம் நான் பார்த்துக் கொடுத்தது. நேமத்தான்பட்டியில் தேனம்மை ஆச்சி வீடு. ஆச்சி மகனோடு மெட்ராஸில் இருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை முன்னோர் படைப்புக்கு வந்து போவார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கும். காவலுக்குக் கருத்தையா. அந்த வீட்டுத் தூண்களுக்குப் பாலிஷ் போடுகிற வேலை என்னிடம் இருந்தது. பாலிஷ் நடக்கிற வீட்டில் ஸ்பிரிட் வாசனை அடித்தால் யார் மூக்கைச் சுளிப்பார்கள்? அதனால் அந்த வேலை முடியவே இல்லை. வருஷக்கணக்காக அதே தூண்களைத் தேய்த்தேன். செட்டிநாடு முழுக்கத் தேடினாலும் அப்படி மின்னுகிற தூண் கிடைக்காது. ஆச்சி வந்தால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு வீரையா" என்பார்கள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்கள்தான். அக்கம்மாள் கடைசிவரை "பாலிஷ்காரண்ணே" என்றுதான் கூப்பிட்டாள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

இப்போது முதல் குவளைக்கு வருகிறேன். இது விளங்கினால்தான் மற்றது விளங்கும்.

அந்தக் காலத்தில் கண்ட கண்ட சாராயத்தைக் குடித்துக் கண் போனவர்கள் நிறையப் பேர். அக்கம்மாள் சரக்கில் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அந்தப் பெயரை வைத்துத்தான் அவள் பெரிய ஆளானாள். அந்தப் பெயரைக் காப்பாற்றியது நான் வைத்த இரண்டு விதிகள். சரக்கைக் குடங்களில் நிரப்பி முற்றத்தில் வரிசையாக வைப்போம். விற்கிறவர்கள் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். சோதித்துக் குடிக்கிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு குடங்களுக்கு நடுவில் நடப்பான். கை எந்தக் குடத்தில் படுகிறதோ அது கருப்பர் காட்டிய குடம். அதிலிருந்து முதல் குவளை. பாதியைக் கருப்பருக்கு மண்ணில் ஊற்றிவிட்டு மீதியைக் குடிக்க வேண்டும். எந்தக் குடம் என்று முன்னாலேயே யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் அந்த ஒன்றில் மட்டும் நல்லதை ஊற்றி வைத்து ஏமாற்றலாம் அல்லவா, அதற்காக.

இரண்டாவது விதி, குடித்தவுடன் சரக்கை அனுப்பக்கூடாது. கெட்ட ஸ்பிரிட் குடித்த உடனே காட்டாது. ஒரு ராத்திரி போக வேண்டும். காலையில் குடித்தவன் வெளிக்கதவுக்கு வந்து திரும்பி நின்று, வீட்டு உச்சியில் சுதையில் செய்து வைத்திருக்கிற லட்சுமியைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் யானை, கையில் தாமரை. தாமரையின் இதழ் தெரிந்தால்தான் வண்டி கிளம்பும். ஒன்பது வருஷம் அந்த முதல் குவளையைக் குடித்தவன் நான். அக்கம்மாள் தன் கையால் மொண்டு எடுத்து என் கையில் கொடுப்பாள். எல்லோரும் பார்ப்பார்கள். காலையில் நான் தலையை ஆட்டினால்தான் இந்தப் பக்கத்தில் வியாபாரம் நடக்கும். வேறு எதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பி வழிகிற கலுங்கைத் தாண்ட வேண்டியிருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு மேல் இழுத்துக்கொண்டு ஓடியது. "புடிங்கண்ணே" என்று அவள் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு தாண்டினோம். அந்தப் பக்கம் ஏறியதும் விட்டுவிட்டாள். அவ்வளவுதான். நான் அதற்கு ஒரு அர்த்தமும் வைத்துக்கொள்ளவில்லை. எந்த இடத்தில் பிடித்தாள், எந்தக் கல்லில் ஏறியதும் விட்டாள் என்று கேட்டால் இப்போதும் கொண்டுபோய்க் காட்டுவேன்.

அப்புறம் மாயக்கண்ணன் வந்தான்.

காரைக்குடிப் பாத்திரக்கடை ஒன்றில் சுமை தூக்கியவன். என்னைவிட வயதில் ரொம்ப இளையவன். வாய் ஓயாது. நாங்கள் அதுவரை லாரி டியூபில் சரக்கை நிரப்பி வைக்கோலுக்கு அடியில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம். செக்போஸ்டில் கம்பியால் குத்திப் பார்க்க ஆரம்பித்தார்கள். இரண்டு மூன்று தடவை மாட்டினோம். அப்போது இவன் சொன்னான்.

"அக்கா, நம்ம ஊருல கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுச் சாமான் வண்டி வண்டியாப் போகுது. குடம், அண்டா, தூக்குன்னு எம்புட்டு! எவனாச்சும் அதைத் தொறந்து பாத்துருக்கானா? பித்தளைக் குடத்துல ஊத்தி, வாயை மஞ்சத்துணியால கட்டி, மேல ஒரு மாவெலையச் சொருகி விட்டா, போலீசே வழி விட்டு ஒதுங்கி நிப்பான்க்கா."

நன்றாகத்தான் யோசித்திருந்தான், இல்லை என்று சொல்லவில்லை. முகூர்த்த நாளில் சீர்வண்டி போனால் யாருக்கும் சந்தேகம் வராது. வண்டியின் முன்னால் எங்கள் ஆள் மலையம்மாள் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, பெண்ணுக்கு அத்தைபோல உட்கார்ந்துகொள்வாள். ஒரு தடவை புதுக் கான்ஸ்டபிள் ஒருவன் வண்டியை மறித்தான். அவள் இறங்கக்கூட இல்லை.

"ஏப்பா, பொண்ணு வீட்டுச் சீரு. மாப்பிள்ளை வீட்டுல அவுக்க வேண்டியதை நீயி அவுக்குறியா? அவுத்துக்க. நாளைக்கு அந்தப் பொண்ணு வாழாம வந்து நின்னா ஒன் வீட்டுக்குத்தேன் கூட்டியாருவேன்."

அவன் சல்யூட் அடிக்காத குறைதான். இந்தக் கதையை மாயக்கண்ணன் முற்றத்தில் நடித்துக் காட்டினான். அக்கம்மாள் சிரித்தாள். சும்மா இல்லை சார், தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். நான் தேய்த்த தூண். ஒன்பது வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. அவன் அவளை "அக்கா" என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தினான் என்று நாளைக்கூட நான் கவனித்து வைத்திருந்தேன். ஆனால் நீங்கள் பொறாமை என்று எழுதாதீர்கள். நம்மிடம் இல்லாததை அடுத்தவனிடம் பார்த்தால் வருவதுதான் பொறாமை. நம்முடையதை ஒருத்தன் எடுத்துக்கொண்டால் வருவதற்குப் பெயர் வேறு. என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

அடுத்து அவன் விதியில் கை வைத்தான். விற்கிறவர்கள் எல்லோரும் நிற்கும்போதே சொன்னான்.

"பாலிஷ்காரண்ணே, ஒரு வெத்தலை போட்டுத் துப்புற நேரம் பாத்தாப் பத்தாதா? விடிஞ்சதும் வந்து லெச்சுமியவே வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறீகளே, அந்தத் தாயிக்கே வெக்கமா இருக்காது?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எனக்கு நல்லது செய்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணே, நீங்களும் எம்புட்டு வருசந்தேன் குடிச்சு ஒடம்பைக் கெடுத்துக்கிருவீக. இனிமே இவன் குடிக்கட்டும். நீங்க செத்த ஓய்வா இருங்க."

குவளை அவன் கைக்குப் போனது. கண்ணைக் கட்டுகிற விதி மட்டும் அப்படியே இருந்தது. கருப்பர் சம்பந்தப்பட்டது என்பதால் அதை மாற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை. லட்சுமியைப் பார்க்கிற விதி போய்விட்டது. அவன் குடிப்பான், வெற்றிலை போடுவான், துப்புவான், "போகலாம்" என்பான். அவள் தலையை ஆட்டுவாள். நான் தூணைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். என்னைச் சுற்றிக்கொண்டு குடங்களைத் தூக்கிப் போவார்கள்.

பொறுத்துக்கொண்டேன். ஒரு கை காய்ந்த பிறகுதான் அடுத்த கை.

என் கடையில் இரண்டு விதமான ஸ்பிரிட் உண்டு. ஒன்று அரக்கைக் கரைப்பதற்கு. மற்றது பழைய பாலிஷை உரித்தெடுப்பதற்கு. இரண்டும் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். இரண்டாவதை நாங்கள் வாய்ப்பக்கமே கொண்டுபோக மாட்டோம். அது குடித்தவன் கண்ணைத்தான் முதலில் எடுக்கும். நான் நினைத்ததெல்லாம் ஒரே ஆளைப் பற்றித்தான் சார். ஒரு ஆள், ஒரு ஜோடிக் கண். அவன் கண் மங்கினால் என் விதிதான் சரி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். குவளை திரும்ப என் கைக்கு வரும். அதற்குமேல் ஒரு கெட்ட எண்ணமும் எனக்கு இல்லை.

ஒரே ஒரு சிக்கல். அவன் கை எந்தக் குடத்தில் படும் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்றுதானே அந்த விதியையே வைத்தேன். ஆகவே எல்லாக் குடத்திலும் ஊற்ற வேண்டியதாகிவிட்டது. பாலிஷ் டின்னோடு உள்ளே போகிறவனை யாரும் கேட்கவில்லை. தை மாத முகூர்த்தத்துக்கு முந்தின நாள், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். குடங்களின் வாயை நான்தான் மஞ்சள் துணியால் கட்டினேன், ஒழுங்காகவே கட்டினேன்.

அதிலும் நான் யோசிக்காமல் இல்லை. மறுநாள் காலையில்தான் முகூர்த்தம், அதனால் வண்டி காலையில்தான் கிளம்பும். அதற்குள் அவன் கண் சொல்லிவிடும். நான் அங்கே இருப்பேன். "வண்டிய நிறுத்துங்க, பழைய விதிதேன் சரி" என்று சொல்ல வேண்டும். சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். குரல் உயராமல், நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடினார்கள். நான் குடித்த காலத்தில் என் கண்ணைக் கருத்தையா அவன் தோள் துண்டால் கட்டுவான். அன்றைக்கு மாயக்கண்ணனுக்கு அக்கம்மாளே கட்டினாள். துண்டு தேடவில்லை. தன் முந்தானையைச் சுற்றிக் கட்டி, ஒரு முனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு அவனோடேயே நடந்தாள். அவன் வேண்டுமென்றே தடுமாறுகிற மாதிரி நடித்தான். அவள், "ஏலே, ஒழுங்கா நட" என்றாள். கடைசியில் ஒரு குடத்தைத் தொட்டான். பாதி கருப்பருக்கு, மீதி அவனுக்கு. வெற்றிலை போட்டான், துப்பினான், "அமிர்தம்" என்றான்.

தொட்ட குடத்து மிச்சத்தில் காவல்காரக் கருத்தையாவுக்கு ஒரு பங்கு உண்டு, வழக்கம் அது. நானும் அவனும் ஒன்பது வருஷம் ஒரே தூக்கிலிருந்து காபி குடித்தவர்கள். இன்றைக்குக் குடிக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிற ஆள்.

காலையில் நான் போகும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது. மாட்டைப் பூட்டி வண்டி வெளிக்கதவருகே தயாராக நின்றது. மாயக்கண்ணன் முற்றத்துக்கு வெளியே வந்து, கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். என் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

"யாரு, பாலிஷ்காரண்ணனா? என்னண்ணே, இன்னைக்குப் பனி இம்புட்டு எறங்கியிருக்கு! ஒங்க லெச்சுமியவே காணோம்."

உச்சியில் லட்சுமியின் தாமரை எனக்கு இதழ் இதழாகத் தெரிந்தது. வேலிச் செடியில் ஒரு துளி பனி இல்லை.

"ஆமா, பனி அதிகந்தேன்" என்றேன்.

அப்படி ஏன் சொன்னேன் என்று பிறகு நிறைய யோசித்தேன். தை மாதம்தானே, பேச்சுக்குச் சொல்லுகிறதுதான். நான் சொல்ல வேண்டிய வாசகம் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. அதற்குள் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தான். உள்ளேயிருந்து அக்கம்மாள் ஓடிவந்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்து அவன் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நேற்றுக் கட்டிய அதே முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்தாள். துடைத்தால் தெரியும் என்று நினைத்தாளோ என்னவோ, விடாமல் துடைத்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, சரக்குல எதுவும் கோளாறா இருக்குமா? ஒங்களுக்குத்தேன் தெரியும். பாத்துச் சொல்லுங்கண்ணே."

இவ்வளவு வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. நியாயமாக எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கேட்கும்போதும் அவள் கை அவன் தலைமயிருக்குள்தான் இருந்தது. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள், கை மட்டும் அவனைத் தடவிக்கொண்டே இருந்தது.

"சரக்கு நல்ல சரக்கு. இது பித்தம். தலைக்கு ஏறியிருக்கு, மோரைக் குடுத்தா எறங்கிரும்" என்றேன்.

"அப்ப நீங்க இங்குட்டு நிக்காதீக. போயி வண்டிய அனுப்புங்க. இவன நான் பாத்துக்கிறேன்."

அவள் அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். இதைக் கொஞ்சம் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள் சார். வண்டியை அனுப்பச் சொன்னது நான் இல்லை.

மலையம்மாள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, "போயிட்டு வாரேண்ணே" என்றாள். முழங்கால் வலிக்கு என்று ஒவ்வொரு நடைக்கும் வழியில் இரண்டு மடக்குக் குடிப்பாள். தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். மாவிலை ஒன்று விழப் பார்த்தது. நான்தான் சரியாகச் சொருகிவிட்டேன்.

பத்திரிகையில் ஒன்பது பேர் என்று போட்டார்கள். பதினொன்று. இரண்டு பேரைச் சொந்தக்காரர்களே காலரா என்று சொல்லி அவசரமாக எரித்துவிட்டார்கள். மலையம்மாள், கருத்தையா, செங்கல் சூளையில் வேலை பார்த்த அண்ணன் தம்பி, கல்யாணத்துக்குத் தவில் வாசிக்க வந்த ஒருத்தர். மற்றவர்கள் பெயர் உங்கள் ஸ்டேஷன் காகிதத்தில் இருக்கும். கருத்தையா சாகும்போது நான் பக்கத்தில் இருந்தேன். "யாரோ வெளக்கை அணைச்சுப்புட்டாக, ஏத்துங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மத்தியானம் அது. ஏற்றுகிறேன் என்றேன்.

மாயக்கண்ணன் சாகவில்லை. அரைக் குவளைதானே குடித்தான். மீதிப் பாதியைக் கருப்பர் குடித்துவிட்டார். வாந்தியும் எடுத்துவிட்டான். கண் இரண்டும் சுத்தமாகப் போனது. உயிர் போகவில்லை. பதினொரு பேர் உயிரோடு இருந்திருக்க வேண்டிய இடத்தில் அவன் ஒருத்தன் இருக்கிறான் என்று எனக்கு இப்போதும் தோன்றும்.

அந்த வழக்கில் ஊரில் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். என்னையும் கூப்பிடுவார்கள் என்று வெளுத்த வேட்டியாக எடுத்து வைத்திருந்தேன். கூப்பிடவே இல்லை. கோர்ட்டில் கூட்டத்தோடு பின்னால் நின்று கேட்டேன். அக்கம்மாள் கூண்டில் நின்று, "எல்லாம் நான்தேன் சாமி. வேற ஆரும் இல்ல" என்றாள். வக்கீல் ஒருத்தர், அந்த வீட்டில் பாலிஷ்காரர் ஒருவர் இருந்தாரே என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்துத்தான் ஞாபகப்படுத்திக்கொண்டாள்.

"அவரா? அவரு பாவம். தூணுக்குப் பாலிஷ் போட வந்தவரு" என்றாள்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாள் அந்த நினைப்பு நன்றாகக்கூட இருந்தது. அப்படி இல்லை சார். அவள் மாயக்கண்ணனைக் காப்பாற்றத்தான் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். என்னைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. அவள் கணக்கில் நான் தூணோடு சேர்ந்தவன்.

நாலு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தாள். வெளியே வந்ததும் இளையாத்தங்குடிக் கோயிலுக்குப் போய் அவனோடு மாலை மாற்றிக்கொண்டாளாம். இப்போது சிங்கம்புணரியில் இட்லிக்கடை வைத்திருக்கிறாள். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

போன மாதம் இரண்டு பேரும் இந்தக் கடைக்கு வந்தார்கள். அவள் தலை பாதி நரைத்திருந்தது. கையில் ஒரு கருங்காலிக் கம்பு.

"பாலிஷ்காரண்ணே, நல்லா இருக்கீகளா? இவருக்கு ஒரு கம்பு. கையில சிராய் குத்தாம, வழுவழுன்னு பாலிஷ் போட்டுக் குடுங்கண்ணே. ஒங்க கை மாதிரி ஆருக்கு வரும்?"

ஏலே என்று அவள் கூப்பிட்டவன் இப்போது இவரு. அவன் நீங்கள் உட்காரப் போன நாற்காலியில்தான் உட்கார்ந்தான். மூக்கை நிமிர்த்தி வாசம் பிடித்தான்.

"அண்ணே, நீங்க வச்ச விதிதேன் சரி. அன்னைக்கு ஒங்களைக் கேலி பண்ணுனேன்ல, அதுக்குத்தேன் இந்தத் தண்டனை. மனசுல வச்சுக்கிறாதீக" என்றான்.

நான் கேட்க ஆசைப்பட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். கேட்டாகிவிட்டது. பரவாயில்லை தம்பி, ராத்திரி நிம்மதியாகத் தூங்கு என்று சொன்னேன்.

அந்தக் கம்புக்கு நான் போட்ட பாலிஷ் ஆச்சி வீட்டுத் தூணுக்குக்கூடப் போட்டதில்லை. கை மேல் கையாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் காய விட்டு, துடைத்து, மறுபடியும் போட்டேன். கம்பு நன்றாக அமைந்தால் அவன் தானாக நடப்பான், அவளுக்குச் சிரமம் குறையும் என்ற நல்ல எண்ணம்தான். வந்து வாங்கிக்கொண்டார்கள். அவன் தடவிப் பார்த்து, "பட்டு மாதிரி இருக்குண்ணே" என்றான். நான் வாசலில் நின்று பார்த்தேன். தெரு முனைவரை பார்த்தேன். கம்பை அவன் அக்குளில் இடுக்கிக்கொண்டான். கை அவள் கையில் இருந்தது. தெருவில் மழையும் இல்லை, தண்ணீரும் இல்லை. கலுங்கைத் தாண்டியதும் விடுகிற மாதிரி அவள் விடவில்லை.

அவன் கண்ணை எடுத்தது நான். அந்தக் கையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான் என்று அப்போது விளங்கியது.

அதற்காக இதைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். செத்தவர்களுக்கு ஒரு நியாயம் வேண்டும் அல்லவா? யார் செய்தது என்று தெரியாமலே பதினொரு பேருக்குத் திவசம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கருத்தையா மகள் இந்த வழியாகத்தான் தண்ணீருக்குப் போகிறாள். உண்மை வெளியே வர வேண்டும். எனக்கு இப்போது யார்மேலும் கோபம் இல்லை, பொறாமை எப்போதும் இருந்ததில்லை. முதல் பக்கத்தில் என் பெயரை முழுசாக எழுதுங்கள், பாலிஷ்காரர் என்று போட்டுவிடாதீர்கள்.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எல்லாக் குடத்திலும் ஊற்றியது நான். சரக்கு நல்ல சரக்கு என்று சொன்னதும் நான்.

ஒரே ஒரு உதவி சார். இதை அக்கம்மாளிடம் படித்துக் காட்டி விசாரிக்கத்தான் போவீர்கள். அவள் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். நிதானமாகப் படியுங்கள், கடைசிவரை படியுங்கள். படித்து முடித்ததும் அவள் அவன் கையை விட்டுவிட்டாளா என்று மட்டும் பார்த்து வந்து எனக்குச் சொல்லுங்கள்.